சிலி நாட்டில் சுற்ற: பஸ்ஸா, வாடகைக் காரா?

கோவைப் பயணி:
வணக்கம். வரும் நவம்பரில் நான், மனைவி, எட்டு வயது மகள், அறுபத்தேழு வயது அம்மா என நால்வர் சிலிக்குப் போகிறோம். மூன்று வாரம். விசாவும் விமான டிக்கெட்டும் கைக்கு வந்துவிட்டன. சாண்டியாகோவில் இறங்கி அங்கிருந்தே திரும்புகிறோம். நடுவில் அட்டகாமா பாலைவனம், வால்பரைசோ, தெற்கே ஏரிகள், முடிந்தால் பட்டகோனியா. விமான நிலையத்திலேயே ஒரு காரை எடுத்து, மூன்று வாரமும் அதிலேயே சுற்றிவிட்டுக் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். மனைவிக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. "வலப்பக்கம் ஓட்டும் நாட்டில், மொழியும் தெரியாமல் எதற்கு இந்த வீம்பு, பேசாமல் பஸ்ஸில் போவோம்" என்கிறாள். அம்மா சுத்த சைவம். போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஸ்கேலை எடுங்கள். சிலி வடக்கு தெற்காக ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் நீளம். அகலம் சராசரியாக 180 கிலோமீட்டர்கூடத் தேறாது. சாண்டியாகோ நடுவில் இருக்கிறது. அங்கிருந்து அட்டகாமாவின் சான் பெத்ரோவுக்குச் சாலை வழியே 1,600 கிலோமீட்டருக்கு மேல். தெற்கே ஏரிகள் பக்கம் உள்ள புவேர்ட்டோ மோன்ட் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் போய்வந்தால் 5,200 கிலோமீட்டர். நீங்கள் ஒருவரே ஓட்டுநர் என்றால் விடுமுறையில் பாதி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விடும்.

இன்னொன்று. பட்டகோனியாவில், நாட்டின் தென்கோடியில் உள்ள புந்தா அரேனாஸுக்குச் சிலி நாட்டு மண்ணிலேயே முழுவதும் சாலை கிடையாது. அர்ஜென்டினாவுக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் கப்பல். ஆகவே ஒரே கார் என்ற யோசனை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கோவைப் பயணி:
கிலோமீட்டரை இப்படிக் கூட்டிப் பார்க்கவில்லை ஐயா. அப்படியானால் மனைவி சொன்ன பஸ்தானா?

லா செரேனாவாசி:
பஸ்தான் என்று நான் கை தூக்குகிறேன். லா செரேனாவில் இருக்கிறேன். இங்கே மலைமேல் உள்ள தொலைநோக்கி நிலையங்களில் ஒன்றில் வேலை. சொந்தமாகக் கார் இல்லை. நாடு முழுவதும் பஸ்ஸிலேயே போய்வருகிறேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிலியின் தொலைதூர பஸ்ஸை நம் ஊர் ஆம்னி பஸ்ஸோடு ஒப்பிட வேண்டாம். அதைவிட ஒரு படி மேல்.

இருக்கையில் வகைகள் உண்டு. செமி காமா என்பது வரிசைக்கு நான்கு, ஓரளவு சாயும். சலோன் காமா என்பது வரிசைக்கு மூன்றே இருக்கை, நன்றாகச் சாயும், காலுக்குத் தாங்கல் உண்டு. மாடி பஸ்ஸில் சலோன் காமா பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும். அம்மாவுக்குக் கீழ்த்தளமே நல்லது, படியேற வேண்டாம். முன்பதிவின்போது கழிப்பறையை ஒட்டிய இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள். ஏன் என்று பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் தானாகவே புரியும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். பஸ்ஸின் வேக வரம்பு 100. பயணிகள் கண்ணில் படும்படி முன்பக்கம் ஒரு சிவப்பு எழுத்துப் பலகை, அப்போதைய வேகத்தைக் காட்டிக்கொண்டே வரும். வரம்பு மீறினால் பீப் என்று கத்தும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் உடனே ஓட்டுநரைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். ஓட்டுநர் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். அதனால் தொலைதூர வண்டியில் இருவர் இருப்பார்கள். சீட் பெல்ட் பயணிகளுக்கும் கட்டாயம்.

சாண்டியாகோவில் குழப்பம் வருவது பஸ் நிலையத்தில்தான். நகரத்தில் பல டெர்மினல்கள் இருக்கின்றன. அலமேடா ஒன்று, அதற்குக் கூப்பிடு தூரத்தில் தெற்கு டெர்மினல் ஒன்று, பஹாரித்தோஸ் இன்னொன்று. டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடைமேடை எண்ணும் ஒன்றாக இருக்காது, பத்திலிருந்து இருபது வரை என்பது போலப் போட்டிருப்பார்கள். அந்த மேடைகள் அத்தனையையும் கண்ணால் மேய்ந்துகொண்டே நிற்க வேண்டும். வண்டி வந்ததும் உதவியாளர் பெட்டியில் ஒரு சீட்டை ஒட்டி, அதன் மறுபாதியை உங்களிடம் கிழித்துக் கொடுப்பார். அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். அதைக் காட்டினால்தான் பெட்டி கைக்கு வரும்.

சாப்பாட்டுக்கென்று ஓரிடத்தில் நிறுத்துவார்கள் என்று நம்பி ஏறாதீர்கள். கையில் கட்டிக்கொண்டு போங்கள். சாண்டியாகோவுக்கு வடக்கே லா லீகுவா என்ற ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக வெள்ளை அங்கி போட்டவர்கள் கூடையோடு நின்று வெள்ளைத் துணியை வீசி வீசி அழைப்பார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு ஏதோ விபத்து என்றே தோன்றும். அவர்கள் மிட்டாய் வியாபாரிகள். அந்த ஊர் இனிப்புக்குப் பேர் போனது. காரில் போகிறவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை; விரைவு பஸ் அவர்களுக்காக நிற்காது.

மேட்டுத்தெரு:
லா செரேனா அன்பர் தனியாள் என்று நினைக்கிறேன். தனியாளுக்கு எந்த பஸ்ஸும் சொர்க்கம்தான். சாண்டியாகோவிலிருந்து சான் பெத்ரோவுக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு முழு நாள். அறுபத்தேழு வயது அம்மாவை 23 மணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிப்போவதற்குப் பெயர் சுற்றுலா இல்லை, தண்டனை. சான் பெத்ரோவுக்குப் பக்கத்து விமான நிலையம் கலாமா. அங்கே விமானத்தில் இரண்டே மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் சலோன் காமா விலைக்கே கிடைப்பது உண்டு. பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதைமட்டும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

லா செரேனாவாசி:
கலாமாவுக்கு விமானம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவோடு நானும் அப்படித்தான் போவேன். ஆனால் தெற்கே? சாண்டியாகோவில் இரவு ஏறினால் பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் புவேர்ட்டோ மோன்ட். 12, 13 மணி நேரம். ஒரு ராத்திரி ஓட்டல் வாடகையும் மிச்சம். வால்பரைசோ பற்றிக் கேட்கவே வேண்டாம். 120 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு, ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும். அந்த ஊருக்குக் காரில் போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும். செங்குத்தான குன்றுகள், முடுக்குகள், நிறுத்த இடமில்லை, நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குவதும் நடக்கிறது. மலையேறப் பழனி வின்ச் போன்ற பழைய இழுவைப் பெட்டிகள் இருக்கின்றன, உங்கள் மகள் இறங்கவே மாட்டாள்.

மேட்டுத்தெரு:
வால்பரைசோவில் உங்கள் கட்சிதான் நானும். சண்டை அட்டகாமாவைப் பற்றி. சான் பெத்ரோவில் இறங்கிய பிறகு ஊருக்குள்ளிருந்து உப்பு ஏரிக்கும் நிலாப் பள்ளத்தாக்குக்கும் எந்த அரசு பஸ் போகிறது? ஒன்றும் இல்லை. டூர் வேன் அல்லது சொந்த வண்டி. நான்கு பேருக்கு டூர் டிக்கெட் நாள்தோறும் வாங்குவதைவிடக் கலாமா விமான நிலையத்தில் கார் எடுப்பது கட்டுபடியாகும். 100 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை, போக்குவரத்து குறைவு. வலப்பக்கம் ஓட்டிப் பழகுவதற்கு உலகத்திலேயே தோதான சாலை அதுதான். மோதுவதற்கு ஆள் வேண்டுமே! கலாமா சுரங்க ஊர். வாடகைக் கடைகளில் பாதிக்கு மேல் கொடிக்கம்பு கட்டிய சுரங்கத்துப் பிக்கப் வண்டிகளாக நிற்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம், உங்களுக்குச் சாதாரணக் கார் போதும். கலாமாவிலேயே டாங்கை நிரப்பிவிடுங்கள்.

எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளுக்கு மட்டும் சொந்தமாக ஓட்டிப் போக வேண்டாம். 4,300 மீட்டர் உயரம். விடியும்போது அங்கே இருக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகு முன்பே கிளம்ப வேண்டும். இருட்டு, குளிர், மண்சாலை. டூர் வேனில் ஏறித் தூங்கிக்கொண்டே போங்கள். சான் பெத்ரோவே 2,400 மீட்டர். அம்மா இரண்டு நாள் அங்கே இருந்து உடம்பு பழகிய பிறகு மேலே போகட்டும், அதற்கு முன்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவைப் பயணி:
கார் எடுக்க என்னென்ன தாள் வேண்டும்? இந்திய லைசென்ஸ் போதுமா?

பழைய ஆர்டிஓ:
ஓய்வு பெற்றவன், ஆனாலும் கேள்வி என் துறைக்கு வந்துவிட்டது. இந்திய லைசென்ஸோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கட்டாயம் வைத்திருங்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்துப்போய் அசல் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும்.

சிலியில் ஓட்டியபோது நான் கவனித்தவை. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், அது சட்டம். நகருக்குள் 50, இருவழிச் சாலையில் 100, பிரிக்கப்பட்ட நெடுஞ்சாலையில் 120. 'பாரே' என்று எண்கோணச் சிவப்புப் பலகை இருந்தால் சாலையில் ஈ, காக்கை இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். நம் ஆட்கள் மெதுவாக உருட்டிக்கொண்டு போவார்கள், அங்கேதான் பிடிபடுவார்கள். காரபினெரோஸ் என்னும் காவலரிடம் பணத்தை நீட்டிச் சமாளிக்கலாம் என்ற யோசனை கனவிலும் வரக்கூடாது. அபராதத்தோடு போக வேண்டியது சிறையில் போய் நிற்கும்.

மது விஷயத்தில் 2012 முதல் சட்டம் மிகக் கடுமை. இரத்தத்தில் லிட்டருக்கு 0.3 கிராம் வந்தாலே குற்றம். ஒரு கிளாஸ்தானே என்ற பேச்சுக்கே இடமில்லை.

லா செரேனாவாசி:
அதனால்தான் எங்கள் ஊருக்கு வருகிறவர்களிடம் எல்கி பள்ளத்தாக்குக்கு பஸ்ஸில் போகச் சொல்வேன். அது பிஸ்கோ என்னும் திராட்சைச் சாராயம் வடிக்கும் பள்ளத்தாக்கு. லா செரேனாவிலிருந்து விகூன்யாவுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். நோபல் பரிசு பெற்ற கவிஞர் கப்ரியேலா மிஸ்ட்ரால் பிறந்த ஊர், அவருக்கு அங்கே அருங்காட்சியகம் உண்டு. இரவில் விண்மீன் பார்க்கச் சிறு ஆய்வகங்கள் வேன் வைத்து அழைத்துப் போகும்.

கணக்குப்பிள்ளை:
சுங்கக் கட்டணத்தை யாரும் பேசவில்லை. சாண்டியாகோ நகரத்து விரைவுச் சாலைகளில் சாவடியே கிடையாது. கண்ணாடியில் ஒட்டிய டேக் என்னும் கருவியை மேலே உள்ள வளைவு படித்துக்கொள்ளும். வாடகைக் காரில் அது இருக்கிறதா, நாளுக்கு எவ்வளவு என்று கவுன்டரிலேயே கேளுங்கள். நகரத்துக்கு வெளியே சாவடி உண்டு. பெசோ நோட்டும் சில்லறையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வார இறுதியில் சில சாவடிகளில் கட்டணம் கூடும். கடன் அட்டை ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அதில் ஒரு பெரிய தொகையைப் பிணையாக முடக்கி வைப்பார்கள். அட்டையின் வரம்பு அதைத் தாங்குமா என்று இப்போதே பாருங்கள்.

பஸ் டிக்கெட் இணையத்தில் எடுக்கும்போது 'ருத்' என்று ஓர் எண் கேட்கும். அது சிலிக்காரர்களின் அடையாள எண். பாஸ்போர்ட் என்ற தேர்வு பக்கத்தில் இருக்கும், அதைச் சொடுக்குங்கள். சில தளங்கள் இந்திய அட்டையை ஏற்க மறுத்தால் டெர்மினல் கவுன்டரில் போய் வாங்கிவிடலாம்.

யாழ்ப்பறவை:
நான் டொரொண்டோவில் இருந்து. பட்டகோனியா பற்றி எழுதுவதற்கென்றே உள்ளே வந்தேன். எல்லோரும் சாலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அங்கே பேச வேண்டியது காற்றைப் பற்றி. புவேர்ட்டோ நத்தாலெஸில் கார் எடுத்து தோரெஸ் தெல் பைனே பூங்காவுக்குப் போனோம். பார்வை மேடை ஒன்றில் நிறுத்தினோம். கணவர் தன் பக்கக் கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. கீல் வளைந்து கதவு அதன் பிறகு மூடவே இல்லை. கயிறு போட்டு உள்ளிருந்து இழுத்துக் கட்டிக்கொண்டு திரும்பினோம். கடையில் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள்: காற்றால் கதவுக்கு வரும் சேதம் காப்பீட்டில் அடங்காது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. காரைக் கொடுக்கும்போது அந்த வரியை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை, பணம் வாங்கும்போது மட்டும் விரல் வைத்துக் காட்டினார்கள். கடையின் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் பல கடைகளின் ஒப்பந்தத்தில் அதே வரிதான் இருக்கிறது.

ஆகவே காரைக் காற்றை எதிர்நோக்கி நிறுத்துங்கள். கதவை இரு கையாலும் பிடித்துத் திறங்கள். பிள்ளையைத் தானாகத் திறக்க விடவே வேண்டாம். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, நத்தாலெஸிலேயே நிரப்புங்கள்.

மேட்டுத்தெரு:
அக்கா, அப்படியானால் அங்கே பஸ் நல்லதா?

யாழ்ப்பறவை:
நடக்கப் போகிறவர்களுக்கு நல்லது தம்பி. நத்தாலெஸிலிருந்து காலையில் கிளம்பும் பஸ் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் லகூனா அமர்கா நுழைவாயிலில் விடும். ஆனால் முதியவரையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஏரி ஏரியாக நின்று பார்க்க வேண்டுமானால் கார்தான். கதவை உடைத்த பிறகும் அதைத்தான் சொல்வேன். அர்ஜென்டினாப் பக்கம் பெரித்தோ மொரேனோ பனிப்பாறையையும் அதே காரில் பார்த்துவிடலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். எல்லை தாண்டத் தனி அனுமதிப் பத்திரமும் காப்பீடும் வேண்டும். பல நாள் முன்னதாகவே கடையில் சொல்லி வைத்தால்தான் தயார் செய்து தருவார்கள். நத்தாலெஸிலிருந்து அந்தப் பனிப்பாறைக்குப் பக்கத்து ஊரான எல் கலாஃபத்தேவுக்கு பஸ் இருக்கிறது, அதுவே நிம்மதி.

கோவைப் பயணி:
அப்பா! நல்லவேளை இங்கே கேட்டேன். மூன்று வாரத்தில் பட்டகோனியாவையும் திணிப்பது பேராசை என்று இப்போது தோன்றுகிறது. சாப்பாடு பற்றி யாராவது சொல்லுங்கள்.

அடுப்பங்கரை:
பஸ் நிலையத்தில் எம்பனாதா என்று கொழுக்கட்டை மாதிரி ஒன்று விற்கும். 'பீனோ' என்றால் மாட்டிறைச்சி, வெங்காயம், முட்டை, ஆலிவ் எல்லாம் உள்ளே இருக்கும். 'கேசோ' என்றால் பாலாடைக் கட்டி மட்டும். ஆனால் இரண்டும் ஒரே எண்ணெயில் பொரிவது உண்டு, அம்மாவுக்கு அதையும் சொல்லிவிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் கோழியையோ ஹாமையோ போட்டுத் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது இறைச்சியில் சேராது. அதனால் கோழி, மீன், ஹாம் என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ரொட்டியில் வெண்ணெய்ப் பழத்தை மசித்துத் தடவித் தருவது எங்கும் கிடைக்கும், அருமையாக இருக்கும். அம்மாவுக்கு என் யோசனை: சமையலறை உள்ள தங்குமிடமாகப் பிடியுங்கள், ஒரு சிறு மின்சார அரிசிக் குக்கர் பெட்டியில் போகட்டும், தக்க பிளக் மாற்றியோடு.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோனாலும் நுழைவுப் படிவத்தில் உணவுப் பொருள் 'உண்டு' என்றே எழுதுங்கள். சாக் என்னும் வேளாண் பாதுகாப்புத் துறையின் சோதனை மிகக் கறார். பழம், விதை, தேன், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் பறிபோகும். சொல்லிவிட்டுப் பறிகொடுத்தால் பொருள் மட்டும் போகும். சொல்லாமல் மாட்டினால் அபராதம். விமானத்தில் கொடுத்த ஓர் ஆப்பிளைப் பையில் மறந்து வைத்தவர்களும் கட்டியிருக்கிறார்கள்.

கோவைப் பயணி:
இப்படி முடிவு செய்திருக்கிறோம். சாண்டியாகோ, வால்பரைசோ மெட்ரோவும் பஸ்ஸும். கலாமாவுக்கு விமானம், அங்கே கார். திரும்பி வந்து சலோன் காமாவில் இரவு பஸ், புவேர்ட்டோ மோன்ட். அங்கே மறுபடி கார், ஏரிகளும் சிலோயே தீவும். மனைவியும் ஒப்புக்கொண்டாள். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

லா செரேனாவாசி:
தவறு இல்லை. சாண்டியாகோ மெட்ரோவுக்கும் நகர பஸ்ஸுக்கும் 'பிப்' அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள்.

சிலோயேவுக்குப் பார்குவாவில் படகு ஏற வேண்டும். கார், லாரி, பஸ் எல்லாம் வரிசையாக அப்படியே உள்ளே ஏறும். அரை மணி நேரம். முன்பதிவு வேண்டாம், போய் வரிசையில் நின்றால் போதும், பணம் படகிலேயே வாங்குவார்கள். ஏறியதும் காரை விட்டு இறங்கி ஓரத்தில் நில்லுங்கள், நீர்நாய்களும் கடல் சிங்கங்களும் தலை நீட்டும். தீவிலும் சுற்றியுள்ள சிறு தீவுகளிலுமாகப் பதினாறு மரத் தேவாலயங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, அவை சின்னச் சின்ன ஊர்களில் சிதறிக் கிடப்பதால் அங்கே கார் வைத்திருப்பது நியாயம்தான். இதைச் சொல்ல எனக்கே வலிக்கிறது!

பழைய ஆர்டிஓ:
மகளுக்கு எட்டு வயது என்றீர்கள். ஒன்பது வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். பன்னிரண்டு வரை பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும். காரை முன்பதிவு செய்யும்போதே இருக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே போய்க் கேட்டால் கைவிரிப்பார்கள். கியர் வண்டியா, தானியங்கியா என்றும் பார்த்து எடுங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் கியர் வண்டிகள். இடக்கையால் கியர் போட்டுப் பழகிய நாம் அங்கே வலக்கையால் போட வேண்டி வரும்.

தூரதேசத்தான்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் நண்பர்கள் மூவர் பிப்ரவரியில் காரெத்தேரா ஆஸ்திரால் சாலையில் கார் ஓட்ட நினைக்கிறோம். இதே யோசனை பொருந்துமா?

யாழ்ப்பறவை:
பொருந்தாது. அது வேறு உலகம். புவேர்ட்டோ மோன்டிலிருந்து வில்லா ஓ'ஹிக்கின்ஸ் வரை சுமார் 1,240 கிலோமீட்டர், வில்லா செர்ரோ காஸ்டியோவுக்குத் தெற்கே பெரும்பாலும் சரளைதான். பஸ் இருக்கும், ஆனால் சில ஊர்களுக்கு வாரத்தில் சில நாள்தான். உயரமான வண்டியாக எடுங்கள், உபரிச் சக்கரம் முழு அளவில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சரளையில் எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள், கண்ணாடியில் கல் தெறிக்கும். பிப்ரவரியில் சிலி நாடே விடுமுறையில் இருக்கும். சாலை நடுவில் அறுபடுவதால் ஓர்னோபிரேன் என்னும் ஊரிலிருந்து படகில் போக வேண்டும், அதில் வண்டிக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. காரைப் பிறகு தேடலாம், முதலில் படகு டிக்கெட்டை எடுங்கள்.